இடப்பக்கம் வந்து நிற்பவர்

அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வாய் இருந்தும் திறக்காத ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அந்த வரிசையில் அவர்தான் முதல் ஆள். அவர்மேல் மட்டும்தான் கோபமா என்றால் இல்லை. ஆனால் அவரிடமிருந்து தொடங்கினால்தான் மற்ற கோபங்களுக்கு வந்துசேர முடியும்.

அருப்புக்கோட்டையில் மதுரை ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். மொத்தம் பதினான்கு பேர். டயாலிசிஸ் சென்டர்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகவேண்டும் அல்லவா, அவர்களுக்கு எந்த நாள், எத்தனை மணி, எந்த இயந்திரம் என்று முறை ஒதுக்கி, முதல் நாளே செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள். எழுதுகிற குழுவுக்கு நான் தலைவி. எழுதியதைச் சோதிப்பவர் அவர். அதாவது, எங்கள் வேலையில் தப்பு கண்டுபிடித்துச் சொல்வதற்காகவே அவருக்குச் சம்பளம். தப்பு என்ற சொல்லே வாயில் வராத ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த புண்ணியவான் யார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். முன்பு பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் எடைமேடைக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கிருந்தபடியே தானாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவர். வெளுத்த அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கழுத்துக் காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை. காலையில் எங்களுக்கெல்லாம் முன்னால் பஸ்ஸில் வந்து இறங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து சாவி வருவதற்காகக் காத்திருப்பார். முதலாளி உட்பட எல்லாரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எங்களைவிடச் சின்னவர்களைக்கூட வாங்க போங்க என்றார்.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம் இருக்கும். எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது என் நாற்காலிக்கு இடப்பக்கம் வந்து நின்றார். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, என் திரையைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன அண்ணே என்றேன். ஒன்றுமில்லை, சும்மா என்றார். நகரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. எனக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் வேலை ஓடாது. மறுபடி கேட்டேன். மறுபடியும் சும்மா என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"அண்ணே, எதுனாலும் வாயத் திறந்து சொல்லுங்க. இல்லேன்னா உங்க எடத்துக்குப் போங்க."

போய்விட்டார். மறுநாள் நான் எழுதியதை ஒரு சென்டரில் போட்டுப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை முறை வாங்கியவர்கள் எல்லாரும் திங்கட்கிழமைக்குப் போயிருந்தார்கள். நல்லவேளை, அது வெறும் ஒத்திகை. எனக்குப் பக்கத்தில் உட்காரும் செல்விதான் அப்போது விஷயத்தைச் சொன்னாள்.

"அவுக வந்து நின்னாலே என்னமோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். சும்மான்னு சொன்னா, கையில உள்ளத அப்படியே நிப்பாட்டிட்டு ஆதியிலருந்து பாக்கணும். ஒனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அது அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதில் உட்பிரிவுகள் வேறு இருந்தன. கையில் டீ கிளாஸோடு வந்து நின்றால் சின்னக் கோளாறு, எழுத்துப் பிழை மாதிரி. டீயை மேசையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றால் பெரிய கோளாறு. அவர் வெறுங்கையோடு எழுந்தால் போதும், மற்ற பதின்மூன்று பேரும் தலையைத் தூக்கி, யார் இடப்பக்கம் போகிறார் என்று பார்ப்பார்கள். போய் நின்ற இடத்துக்காரர் முகம் செத்துப்போகும். கேலியும் கிண்டலுமாக இருந்தாலும், அந்த மனிதர் நின்ற எந்த இடத்திலும் கோளாறு இல்லாமல் போனதில்லை.

ஒருமுறை முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. நோயாளிகளுக்கு அவர்கள் பிறந்தநாளன்று வாழ்த்துச் செய்தி அனுப்பவேண்டும் என்றார். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இரண்டே நாளில் எழுதி முடித்தோம். அவர் வெறுங்கையோடு எழுந்து, யார் பக்கமும் போகாமல் நேராக முதலாளியின் நாற்காலிக்கு இடப்பக்கம் போய் நின்றார். முதலாளி வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்தவர், ஆனால் இந்த ஊர்க்காரர், புரிந்துகொண்டார். பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிறந்தநாள் ஜனவரி ஒன்று. பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஆதார் எடுத்த இடத்தில் அதைத்தான் போட்டிருந்தார்கள். வருஷப் பிறப்பன்று அத்தனை பேருக்கும் வாழ்த்துப் போயிருக்கும், அதில் போன மாதம் செத்தவர்களும் இருந்தார்கள். முதலாளி சிரித்துவிட்டு, யோசனையைக் கைவிட்டார். அண்ணனுக்கு ஒரு டீ சொல்லச் சொன்னார்.

ஏன் வாயால் சொல்வதில்லை என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. ரொம்ப நேரம் தூக்குவாளி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, மில்லில் நடந்ததைச் சொன்னார். எடைமேடை ஒருபக்கமாகச் சாய்ந்து எடையைக் கூட்டிக் காட்டியதாம். பஞ்சு லோடு வந்து நிற்கிற நேரத்தில், வியாபாரிகள் இருக்கும்போதே இவர் மில் முதலாளியிடம் அதைச் சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. எடைமேடை சரியாகத்தான் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டார். சொன்ன வாயை மாற்ற முடியாமல் அந்த சீசன் முழுக்க அந்தச் சாய்ந்த மேடையிலேயே நிறுத்தார்களாம்.

"நாலு பேரு முன்னாடி ஒருத்தரச் சொல்லிட்டா, அவுக அப்பறம் அத மாத்திக்கிட மாட்டாக தங்கச்சி. பக்கத்துல போயி நின்னா அவுகளே பாத்துக்கிருவாக. நாம சொன்னதாவும் இருக்காது, வேலையும் நடந்துரும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அவரை விடவில்லை. அண்ணே, வாயைத் திறங்கள், வாயைத் திறங்கள் என்று மூன்று வருஷம் அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்துக்கொள்வார்.

அப்புறம் அந்த அலுவலகமே இல்லாமல் போயிற்று. முதலாளி மென்பொருளையும் எங்களையும் சேர்த்து ஒரு சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆபீஸ் எதற்கு என்று அவர்கள் முதல் மாதமே மாடியைக் காலி செய்தார்கள். இப்போது அங்கே ஜிம் நடக்கிறது. பஸ் ஏறி வரவேண்டாம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம், பொய் சொல்லக்கூடாது.

எனக்கு வீட்டில் வேலை பார்ப்பது என்றால், நடுவில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் சித்தப்பாவின் நான்கு பவர்லூம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தறிச் சத்தம் ஓயாது. வீட்டுக்குள் நாங்கள் தெலுங்கில் பேசிக்கொள்வதையே கத்தித்தான் பேசுவோம். அதனால் எந்தக் கூட்டமானாலும் நான் மைக்கை அணைத்துத்தான் வைத்திருப்பேன். பேசவேண்டும் என்றால் மொட்டை மாடிக்கு ஓடவேண்டும், அல்லது சித்தப்பாவிடம் சொல்லித் தறியை நிறுத்தவேண்டும். தறிச் சத்தம் என்று சொன்னால் சென்னையில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அண்ணன் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான் கிடைக்கும். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்த்தார். சுற்றிலும் சீமைக்கருவேல், வெயில் நகர நகர நாற்காலியும் தொட்டியைச் சுற்றி நகரும் என்று செல்வி சொல்லிச் சிரித்தாள். முகத்தைக் காட்டினால் குரல் வராது, அதனால் கேமராவை மூடிவிடுவார். பல நாள் இணையமே இல்லாமல், சாதாரணமாக போன் போட்டுக் கூட்டத்தில் சேர்ந்துகொள்வார். அப்போது திரையில் அவர் பேர்கூட வராது, ஒரு போன் நம்பர் மட்டும் தெரியும்.

சென்னையிலிருந்து எங்களுக்கு ஒரு மேனேஜர் வாய்த்தார். அருப்புக்கோட்டையை ஒருநாள்கூட எட்டிப்பார்த்ததில்லை. மெத்தென்ற குரல், யாரையும் கடிந்து பேசாதவர், அவரைப்போல என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தவர் வேறு யாரும் இல்லை. முதல் கூட்டத்திலேயே நடைமுறைகள் என்று ஒரு பக்கம் அனுப்பினார். அதில் மூன்றாவது வரி: கேள்வி கேட்டு ஐந்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் அனைவரும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். எங்கள் மாடியில் ஒருவர் பேசாமல் நின்றால் மற்ற பதின்மூன்று பேரும் வேலையை நிறுத்தினோம். அதே மனிதர் அதேபோலப் பேசாமல் இருந்தால் இப்போது அது சம்மதக் கையெழுத்து. இதை அந்த முதல் கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தறி ஓடிக்கொண்டிருந்தது, நான் மாடிக்கு ஓடவில்லை.

அண்ணன் என்ன செய்வார் பாவம், பக்கத்தில் போய் நிற்க யார் நாற்காலியும் இல்லை. எழுதியனுப்புங்கள் என்றால் 'நோட்டட்' என்று ஒரு சொல்லைத் தட்டிவிடுவார். நாலு வரி ஆங்கிலத்தில் எழுதுவதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். அதையும் கூட்டு அரட்டையில், முப்பது பேர் பார்க்க எழுதவேண்டும். அதனால் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். என் செல்போனுக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார். முதல் தடவை நான் திரும்பக் கூப்பிட்டு என்ன அண்ணே என்று கேட்டபோது அவரே விளக்கினார்.

"நீங்க மீட்டிங்ல இருப்பீக, பேசுனா இடைஞ்சலு. மணி அடிச்சா நான் ஒங்க பக்கத்துல வந்து நிக்கிறேன்னு வச்சிக்கங்க."

வைத்துக்கொண்டேன். ஒரு மணி என்றால் டீ கிளாஸோடு, இரண்டு மணி என்றால் வெறுங்கை என்று நாங்களே சிரித்துப் பேசிக்கொண்டோம். நாலைந்து மாதம் ஒழுங்காகத் திரும்பக் கூப்பிட்டேன். கூப்பிட்டு, நானாகவே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவேன், எந்த இடத்தில் அவர் பேசாமல் இருக்கிறாரோ அங்கே கோளாறு. அப்புறம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு நாளைக்கு ஆறு கூட்டம். அவர் மணியைக் கண்டால் எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. எவ்வளவு பேசினாலும் ஒரே ரீசார்ஜ்தான், இந்தக் காலத்தில் வளர்ந்த மனுஷன் எதற்கு மணி அடித்துவிட்டு வைக்கவேண்டும்? கூப்பிட்டு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொன்னால் வாயா தேய்ந்துபோகும்? இந்தக் கேள்வியை இன்றைக்கும் கேட்கிறேன். அந்தக் கோபம் நியாயமானதுதான், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு வியாழக்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் ஒரு பட்டியலைக் காட்டினார். பல சென்டர்களில் ஒரே செல்போன் நம்பரில் இரண்டு, மூன்று நோயாளிகள் பதிவாகியிருந்தார்கள். ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள், அதனால் இயந்திரங்கள் வீணாக ஒதுக்கப்படுகின்றன என்றார். ஒரு நம்பருக்கு ஒரு நோயாளி என்று விதி போட்டு, மிச்சப் பதிவுகளை அதோடு சேர்த்துவிடலாம், காலியாகும் நேரத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார். சென்னைப் பிள்ளைகள் இருவர் ஆமோதித்தார்கள். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். ஐந்து விநாடி போயிற்று. சரி, ஒப்புக்கொள்ளப்பட்டது என்றார்.

நானும் ஆமோதித்தவள்தான். எங்கள் தெருவில் ஆளுக்கொரு போன், வீட்டுக்கு நாலு போன். பட்டியலைப் பார்த்தபோது எனக்கும் அது ஒரே ஆள் மாதிரிதான் தெரிந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்ததோடு சரி.

அன்று சாயங்காலம் அண்ணன் மணி அடித்தார். இரண்டு அல்ல, மூன்று. அப்படி அதுவரை அடித்ததில்லை. நான் அடுத்த கூட்டத்தில் இருந்தேன். போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். கூட்டம் முடிந்து மூன்று மிஸ்டு காலையும் பார்த்தேன், பார்த்துவிட்டு, எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் அண்ணே என்று ஒரு செய்தி தட்டினேன். 'நோட்டட்' என்று பதில் வந்தது.

சோதனைப் படிவத்தில் இரண்டு கட்டம்தான் உண்டு, பாஸ், ஃபெயில். கூட்டத்தில் முடிவு செய்தபடி மென்பொருள் நடந்தால் பாஸ், நடக்காவிட்டால் ஃபெயில். முடிவே கோணலாக இருந்தால் எங்கே குறிப்பது என்று அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அவர் பாஸ் என்று போட்டார், வேறு வழியில்லை, மென்பொருள் சொன்னபடி செய்தது. கடைசியில் குறிப்புக்கான கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சேம் நம்பர், மெனி பெர்சன்ஸ்' என்று எழுதியிருந்தார். ஒரே நம்பர், பல ஆட்கள். அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. நானும் அப்போது படிக்கவில்லை, எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அவர் போன் வந்தது. ஒரு மணியில் நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. பதறி எடுத்தேன். பின்னால் சனங்களின் பேச்சுச் சத்தம். அருப்புக்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் சென்டர் வாசலில் நிற்பதாகச் சொன்னார்.

"எங்கூரு ஆட்டோக்காரன் நம்பர்ல மூணு பேரு இருந்தாக தங்கச்சி. இப்ப ஒருத்தரு பேருதான் இருக்கு. மத்த ரெண்டு பேரு மிசினையும் வேற ஆளுகளுக்குக் குடுத்துட்டாக."

அவர் ஊரில் மூன்று பேருக்குச் சிறுநீரகக் கோளாறு. மூன்று பேரிடமும் போன் கிடையாது. மூவரையும் ஒரே ஆட்டோதான் வாரம் இரண்டு தடவை ஏற்றிக்கொண்டு வரும். அதனால் பதிவு செய்யும்போது ஆட்டோக்காரர் தன் நம்பரையே மூவருக்கும் கொடுத்திருந்தார். செய்தி அவருக்கு வரும், அவர் மூன்று வீட்டிலும் போய்ச் சொல்வார். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். எங்கள் விதி மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. இரண்டு பேர் வந்து, இயந்திரம் இல்லை என்று சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டு, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், சீமைக்கருவேலை எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, அண்ணனின் தெருக்காரர். வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாவுக்கு மூச்சுத் திணறி, மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த அம்மாவின் மகன், இது நீங்கள் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர்தானே என்று இவரைக் கையோடு பிடித்துச் சென்டருக்கு அழைத்து வந்திருக்கிறான்.

பயத்தைக் கோபமாக்கி அவர்மேல் காட்டினேன். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன்.

"மூணு தடவ வந்து நின்னேனே தங்கச்சி."

இரண்டு மணி நேரத்தில் அந்த விதியை எடுத்துவிட்டுப் பழைய பதிவுகளை மீட்டோம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், பதினோரு நாள் மதுரையில் கிடந்து. பிழைக்காமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் திடீரென்று நினைப்பு வரும், சாப்பிடுகிற கை நின்றுவிடும்.

அப்புறம் விசாரணைக் கூட்டம். அன்றைக்கு எங்கள் ஊரில் மாதாந்திர மின்தடை. காலை ஒன்பதிலிருந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, நாலு தறியும் நின்றுபோய் வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. லேப்டாப்பில் இருந்த சார்ஜும் போனில் இருந்த நெட்டும் போதுமாக இருந்தன. வழக்கம்போல மைக்கை அணைத்துத்தான் வைத்திருந்தேன். திரையில் பன்னிரண்டு பேர் பெயர், ஒரு போன் நம்பர். அது சென்டர்க்காரர்களாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மேனேஜர் அதே மெத்தென்ற குரலில் பேசினார். முடிவு எடுத்த கூட்டத்தில் சோதனையாளரும் இருந்தார், மறுக்கவில்லை. படிவத்தில் பாஸ் போட்டிருக்கிறார். பல நோயாளிகள் ஒரே நம்பரைக் கொடுக்கும் இந்தப் பழக்கம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், தெரிந்தும் யாருக்கும் எச்சரிக்கை செய்யவில்லை, வாயாலும் இல்லை, எழுத்தாலும் இல்லை. அதனால் அவரை வேலையிலிருந்து விடுவிக்கிறோம். அவர் யாரிடமாவது சொல்ல முயன்றார் என்று யாருக்காவது தெரிந்தால் இப்போது சொல்லலாம் என்றார்.

எனக்குத் தெரியும். என் போனில் மூன்று மிஸ்டு கால் இருந்தது, தேதியோடு, மணியோடு. சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும், நீங்கள் ஏன் திரும்பக் கூப்பிடவில்லை என்று. மைக் பொத்தான் திரையின் கீழே சிவப்பாக இருந்தது. ஒருமுறை தட்டினால் போதும். ஐந்து விநாடி. அந்த ஐந்து விநாடியை நான் முழுசாக எண்ணினேன், ஒன்று விடாமல். சரி, ஒப்புக்கொள்ளப்பட்டது என்றார் மேனேஜர். திரை அணைந்தது. அம்மா எட்டிப்பார்த்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டாள். தலைவலி என்றேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் அவரைப் பார்க்கப் போனேன். அதற்குள் நானும் அந்த வேலையை விட்டிருந்தேன். அதனால் எனக்கு ஒரு பெருமையும் இல்லை, வேறு இடம் கிடைத்ததால் விட்டேன். திருச்சுழியில் ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறார் என்று செல்வி சொன்னாள். பஸ் இறங்கிப் போனபோது நல்ல வெயில். உள்ளே சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்குமாக எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். அதே அரைக்கைச் சட்டை, காலருக்குள் அதே கைக்குட்டை. குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்திருந்தேன், அதில் பாதி மன்னிப்பு, பாதி சண்டை. ஒன்றும் வரவில்லை. அவர் நாற்காலிக்கு இடப்பக்கம் போய் நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், என் வெறுங்கையைப் பார்த்தார்.

"வாங்க தங்கச்சி. என்ன விசயம்?"

"சும்மாண்ணே."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களிடம் ரெண்டு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டு எழுந்தார். வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். மையத்தை ஒட்டி ஒரு வேம்பு, அதற்குக் கீழே இரண்டு பைக் நின்றன, ஆள் யாரும் இல்லை. அந்த அம்மா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், ஆனால் கரிமூட்டத்துக்குப் போவதில்லை என்றார். அந்த மகன் இப்போது இவரோடு பேசுவதில்லை என்றும் சொன்னார். அப்புறம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான் அவரை எத்தனையோ தடவை திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு மீட்டிங்ல ஒரு போன் நம்பரு இருந்துச்சுல்ல, அது நாந்தேன். என்னையும் கூப்புட்டுருந்தாக." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அன்னைக்கு டவுனு பூராம் கரண்டு கெடையாது, பேப்பர்ல போட்டுருந்தான். தறி ஓடியிருக்காது. நீங்க பேசுவீகன்னு இருந்தேன்."

அவர் ரோட்டை விட்டு என் பக்கம் திரும்பினார். பழகிய இத்தனை வருஷத்தில் அவர் என் கண்ணைப் பார்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான்.

"அது தப்பு தங்கச்சி."

அவ்வளவுதான். உள்ளே சனம் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்கவேண்டும் என்று எத்தனை வருஷம் நான் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சொல்லிவிட்டார், அதையும் பக்கத்தில் நாலு பேர் இல்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிவந்துதான் சொன்னார்.